ஒரு மலைக்கு எத்தனை மேம்பாலம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் வணக்கம். போன மாதம் நடந்த என் வழியனுப்பு விழாவில் நான் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்வதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. சிறப்பு விருந்தினர் சைக்கிள் ஓட்டுவதன் நன்மைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அதற்குள் பிரியாணி ஆறுகிறது என்று சமையல்காரர் சைகை காட்ட, எனக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் ஸ்டெல்லா. நெல்லிக்குப்பத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பல வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த நம் முதலாளி, திருப்பாதிரிப்புலியூரில் இந்த சைக்கிள் சுற்றுலா கம்பெனியை ஆரம்பித்தபோது, பின்னால் வேன் ஓட்டிவர ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அவரை முதலாளி என்று சொன்னால் பிடிக்காது. பவுண்டர் என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை, இத்தனை வருஷமும் முதலாளி என்றே காலம் தள்ளிவிட்டேன்.

வேன் ஓட்ட வந்தவள், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே ரோடு பள்ளம், எந்தத் தெருவில் நாய் துரத்தும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தேன். வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்துவிட்டது. முதலாளி உடனே எனக்கு 'ரூட் டிசைனர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். சம்பளம் அப்படியே இருந்தது. கார்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

நம் ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ரோட்டில் எங்கே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். கேப்பர் மலை இல்லையா என்று கேட்பீர்கள். அந்த மலையைத் தாண்டினதே தெரியாமல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள்தானே நாம். நம் ஜனங்கள் சைக்கிளை அழுத்தி மிதித்து ஏறுகிற ஏத்தம் என்றால் அது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான்.

இப்படிப்பட்ட ஊரில்தான் முதலாளி மலைச் சுற்றுலா ஆரம்பித்தார். முதல் விளம்பரத்தில் 'எண்ணூறு மீட்டர் ஏத்தம்' என்று போட்டிருந்தது. மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை உள்ள உயரம் அது. போன் மேல் போன். "எண்ணூறு மீட்டர்தானேக்கா? எங்க ஊட்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு அதவிட ஜாஸ்தி" என்றார்கள். ரோட்டின் நீளம் என்று நினைத்துவிட்டார்கள். நான் விளக்கப் போனால், முதலாளி போனைப் பிடுங்கி, "ஆமாங்க, எண்ணூறு மீட்டர்தான்" என்று வைத்துவிடுவார். பதினாறு பேர் கிளம்பினார்கள். பதினைந்து பேர் சைக்கிளைக் கூரையில் கட்டிவிட்டு என் வேனில் ஏறிக்கொண்டார்கள். பதினாறாவது ஆள் வேனில் இடமில்லாததால் ஓட்டியே வந்து சேர்ந்தார். அவரைத்தான் சாதனையாளர் என்று போட்டோ பிடித்துப் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் நான் மேம்பாலக் கணக்கைக் கண்டுபிடித்தேன். மீட்டர் புரியாதவர்களுக்கு மேம்பாலம் புரியும். நம் ரயில்வே மேம்பாலத்தின் உயரத்தை ஒரு ஓவர்சியரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். ஒரு மலை ரோட்டின் உயரத்தை அதனால் வகுத்தால், இத்தனை மேம்பாலம் என்று வந்துவிடும். 'டீக்கடை வரை மூன்று மேம்பாலம், அங்கிருந்து சர்ச் வரை எட்டு மேம்பாலம்' என்று தாளில் எழுதினேன். அந்தக் கணக்கை இன்றைக்கும் நம் ஆட்கள் பேசுகிறார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு அது. அதைக் கெடுக்க நானே துணைபோன கதைதான் இது.

மேற்கே ஒரு மலை மேல் இருக்கும் ஏரியைச் சுற்றி ஒரு ரூட் போட்டோம். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், மலை ஏரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏரி கிண்ணத்தின் அடியில் தண்ணீர் போலக் கிடக்கும். சுற்றிலும் காப்பித் தோட்டம், அதற்கு நடுவே ரோடு. இடப்பக்கமாகச் சுற்றினால் முதலில் ரெண்டு கிலோமீட்டருக்கு முரட்டு ஏத்தம். பிறகு உச்சியிலிருந்து மறுபக்கம் நீளமாக, மெதுவாக இறக்கம். ஏத்தத்தைப் பகல் வெளிச்சத்தில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம், இறக்கத்தில் பயமில்லை. நான் அப்படித்தான் எழுதினேன். முரட்டு ஏத்தத்துக்கு இருபத்தாறு மேம்பாலம் என்று வந்தது.

முதலாளி தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இருபத்தாறா? இத பாத்தா எவனும் வரமாட்டான்க்கா. மேம்பாலத்துல சின்னது இருக்குது, பெருசு இருக்குது. நாம பெருசுன்னு வச்சிக்குவோம். பதினொண்ணுன்னு போடுங்க, சொல்றதுக்கும் நல்லா இருக்கு."

போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இருபத்தாறைப் பார்த்து யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று எனக்கும் பயம் இருந்தது.

அந்தப் பதினொன்றை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒருவர் செல்வராசு. நெல்லிக்குப்பத்துக்காரர், ஐம்பத்து நாலு வயது, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் டிரைவர். மகள் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அவருடைய மனைவி காந்திமதியின் தம்பி பாபு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். உடம்போடு ஒட்டின டவுசர், கறுப்புக் கண்ணாடி, கையுறை, ஹேண்டில்பாரில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் என்று சகல அலங்காரத்தோடும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிள் ஓட்டுவான். செல்வராசு மலைக்கு வருகிறேன் என்றதும் பாபு சிரித்திருக்கிறான். "மாமா, நீங்க டிராக்டர்லயே வாங்க" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான். அதிலிருந்து அவருக்கு வைராக்கியம் பிடித்துக்கொண்டது.

என்னிடம் போனில் கேட்டார். "அக்கா, பதினொரு மேம்பாலம்னு போட்டிருக்குதே, எந்த மேம்பாலம்?"

"நம்ம ரயில்வே மேம்பாலந்தான்" என்றேன். வாய் கூசவில்லை.

அந்த மனிதர் ஆறு மாதம் தினமும் காலையில் மேம்பாலத்துக்குப் போய், பதினொரு தடவை ஏறி இறங்கினார். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பாலத்தடியில் டீக்கடைக்காரர், "என்னா செல்வராசு, பாலத்து மேல என்னாத்த தொலச்ச?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. போகிற வழியில் பார்த்தால் என்னைக் கும்பிட்டு, "இன்னிக்கு பதினொண்ணு முடிச்சிட்டன்க்கா" என்பார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவேன்.

புறப்படுவதற்கு நாலு நாள் இருக்கும்போது பாபு ஆபீசுக்கு வந்தான். ரூட் தாளைப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்னாக்கா இது, ஏரிய இடமா சுத்துறீங்க? அப்பிரதட்சணம். கோயில் ஊர்க்காரங்க நாங்க, வலமா சுத்துனாதான் வருவோம்."

"ஏரிதானே தம்பி, சாமி இல்லையே" என்றேன்.

"தண்ணியும் சாமிதாங்க்கா. சிதம்பரத்துலேர்ந்து ஏழு பேரு வரோம். ஏழு பேரும் சொல்றோம்."

எங்கள் வீட்டில் சுற்றுவது என்றால் மாதா கோயில் தேர்பவனிதான், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பின்னால் போவோம். அதனால் இந்த விஷயத்தில் நான் அடக்கி வாசித்தேன். முதலாளிக்கோ மூளையில் பல்பு எரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே 'ஏரி வலம்' என்று பெரிய பிளெக்ஸ் அடித்துவிட்டார். கிரிவலம் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தால்கூடப் போதும் என்று கணக்குப் போட்டார். வலமாகச் சுற்றினால் மெதுவான பக்கம் ஏறி, முரட்டுப் பக்கம் இறங்க வேண்டும்.

"அப்ப ஏத்தமே இல்லக்கா, பதினொரு மேம்பாலமும் எறக்கமாயிடுச்சி" என்று குதித்தார் முதலாளி. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால் ஏறினதும் இறங்கினதும் சமம்தான், எந்தப் பக்கம் சுற்றினாலும் அது மாறாது என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை. புதுத் தாளில் 'மேம்பாலம்: பூஜ்யம்' என்று அச்சடித்தார். நான் செய்தது என்னவென்றால், பழைய தாளைத் தலைகீழாகத் திருப்பி, கடைசி வரியை முதல் வரியாக எழுதிக் கொடுத்ததுதான். பத்து நிமிஷ வேலை. மறுபடி மலைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நாலு நாள் இருந்தது, போகவில்லை. தெரிந்த ரோடுதானே என்ற மெத்தனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ஏரிக்கரையில் பதினாலு சைக்கிளும் வரிசையாக நின்றன. பாபு ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தான். காரும் பஸ்ஸும் ஏறினால் பழம் நசுங்கும். சைக்கிள் ஏறினால் அது உருண்டு ஓடும். ரெண்டு பேர் பழம் சறுக்கி அங்கேயே விழுந்தார்கள். திருஷ்டி கழிந்தது என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

முதலாளி கரையிலேயே நின்றுகொண்டார். பிளெக்சுக்கு முன்னால் அவர்கள் வந்து சேரும்போது டிரோன் கேமராவில் படம் எடுக்க வேண்டும். கொடியசைத்து வரவேற்க ஒரு பிரமுகரை வேறு கூப்பிட்டிருந்தார். நான் வழக்கம்போல வேனில் பின்னால் போனேன்.

மெதுவான ஏத்தத்தில் செல்வராசு எல்லோருக்கும் முன்னால் போனார். ஆறு மாதம் பாலத்தில் பழகின கால்கள். பாபு நாலு இடத்தில் நின்று கம்ப்யூட்டரைச் சரிசெய்தான். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது, மூச்சுதான் சரியில்லை. உச்சியில் நான் போய்ச் சேர்ந்தபோது செல்வராசு ஒரு கல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். "என்னாக்கா, புதுத் தாள்ல பூஜ்யம்னு இருந்தாலும், பதினொண்ணு எப்ப வரும் எப்ப வரும்னு பாத்தன், வரவே இல்லியே" என்றார். அந்த முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

எல்லோரும் வந்து சேர்ந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் தூறல் ஆரம்பித்தது. நான் வேனிலிருந்து இறங்கி, முரட்டு இறக்கம் தொடங்கும் இடத்தில் போய் நின்று கீழே பார்த்தேன். எத்தனையோ தடவை வேனில் போன ரோடு. அன்றைக்குத்தான் ரோட்டில் காலை ஊன்றி நின்று பார்த்தேன். நின்ற இடத்திலேயே செருப்பு வழுக்கியது. இடப்பக்கம் மலை மேடு, அதை ஒட்டி ஒரு வாய்க்கால். வலப்பக்கம் சரிவு, அடியில் ஏரி. மூன்று வளைவு. மூன்றாவது வளைவில் தடுப்புச் சுவர் இடிந்து கிடப்பது மேலிருந்தே தெரிந்தது. இந்தப் பதினாலு பேரில் ஒருவர்கூட மேம்பாலத்தைத் தவிர வேறு எந்த இறக்கத்திலும் சைக்கிளில் இறங்கினதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேம்பாலத்து இறக்கம் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

"எல்லாரும் எறங்கித் தள்ளிக்கிட்டு வாங்க. நான் வேன்ல முன்னாடி மெதுவா போறேன்" என்றேன்.

கூட்டம் முணுமுணுத்தது. பாபு முன்னால் வந்தான். "என்னாக்கா, தள்ளிக்கினு போய் டிரோன் முன்னாடி நிக்க சொல்றீங்களா? அசிங்கமா பூடும்."

அதே நேரம் முதலாளி போனில். "அக்கா, பிரமுகர் வந்து அரை மணி நேரம் ஆச்சு. கோவிச்சிக்கிட்டு கெளம்பப் பாக்குறாரு. எறக்கி வுடுங்க."

இங்கேதான் நான் தவறினேன். தள்ளித்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? திட்டியிருப்பார்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை. நான் ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுப் போகட்டும் என்றேன். அதோடு நிற்காமல் ஒரு அறிவுரையும் சொன்னேன். மலை ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்கள் காலங்காலமாகச் சொல்வது, நானும் டிரைவிங் ஸ்கூலில் நூறு தடவை சொன்னது:

"எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லயே எறங்குங்க."

பழக்க தோஷம். கார் என்றால் கியர் இழுத்துப் பிடிக்கும். சைக்கிளில் எந்தக் கியரும் எதையும் பிடிக்காது, மிதிக்காமல் விட்டால் சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும். சைக்கிள் ஓட்டுகிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பாபு வகையறாக்கள் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை, அதனால் அவர்களுக்கு ஆபத்தில்லை. காதில் வாங்கினவர் ஒருவர்தான். முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டினவர், அவருக்கு அந்த வார்த்தை சட்டென்று புரிந்தது. "சரிக்கா" என்று தலையாட்டி, சின்னக் கியரைப் போட்டுக்கொண்டு செல்வராசு முதல் ஆளாகக் கிளம்பினார்.

முதல் வளைவு வரை பார்த்தேன். பிரேக்கில் அவர் கையே இல்லை. கியர் பிடிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தார். சைக்கிள் வேகம் எடுத்தது. பிறகு பயந்துபோய் ரெண்டு பிரேக்கையும் ஒரே பிடியாகப் பிடித்தார். நனைந்த சக்கரத்தில் பிரேக் கட்டை கீச்சென்று கத்தினதே தவிர நிற்கவில்லை. நான் சொன்ன வார்த்தை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. "யாரும் நகரக் கூடாது" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறிப் பின்னாலேயே போனேன்.

ரெண்டாவது வளைவு தாண்டி அவருக்குப் பக்கத்தில் போய்விட்டேன். ஜன்னல் வழியாக, "செல்வராசு, இடது பக்கம் மண்ணுல ஏத்துங்க, மெதுவா பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க" என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. பயந்த மனிதனுக்குப் பாடம் ஏறாது. மூன்றாவது வளைவு தெரிந்தது, அதற்கு அப்பால் இடிந்த சுவர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. கரும்பு வண்டி ஓட்டுகிறவனை ரோட்டில் எப்படி நிறுத்துவார்கள் என்பது நெல்லிக்குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"டேய், ஓரங்கட்டுடா."

வயதில் மூத்தவரைப் போய் டேய் என்றேன். அவர் கை தானாக இடப்பக்கம் திரும்பியது. முப்பது வருஷமாகச் செக்போஸ்டில், ஆலை வாசலில், திருவிழா பந்தோபஸ்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்த வார்த்தைக்கு வண்டியை ஓரங்கட்டியிருப்பார். யோசிக்காமல் சைக்கிளை மலைப் பக்கம் வாய்க்காலில் இறக்கி, உண்ணிச்செடிப் புதரில் போய் விழுந்தார். நான் வேனை நிறுத்தி இறங்குவதற்குள், இடிந்த சுவர் வளைவில் ஒரு மினி பஸ் மேலே ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஓரமா படுக்கக் கூடாதாய்யா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. முகமெல்லாம் முள். உயிர் இருந்தது. வாய்க்காலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். வலமாகச் சுற்றினதால்தான் மலைப் பக்கம் விழுந்தார், சாமி காப்பாற்றியது என்று பாபு பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இடமாகச் சுற்றியிருந்தால் அந்த ரோட்டில் அவர் இறங்கியிருக்கவே மாட்டார் என்பதைச் சொல்ல எனக்கு அப்போது தெம்பில்லை. மீதி பதின்மூன்று பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பிரமுகர் எப்போதோ போய்விட்டிருந்தார்.

மூன்றாம் நாள், கடலூரில் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனோம். வராந்தாவில் முதலாளி என்னை நிறுத்தினார். "அக்கா, ரூட்டைத் திருப்புனத பத்தி யாரும் கேக்கல. ரோடு ஈரம், அவருக்கு கியர் பழக்கம் இல்ல. அதோட வுட்டுடலாம்." கெட்ட மனிதர் இல்லை அவர். பழங்கள் அடுக்கின கூடை ஒன்று கையில் வைத்திருந்தார். கண்ணில் தூக்கம் இல்லாத களைப்பு தெரிந்தது.

உள்ளே செல்வராசு தோளில் கட்டோடு படுத்திருந்தார். கட்டில் ஓரத்தில் காந்திமதி, கால்மாட்டில் பாபு. "மலையில ஓட்டுறதுக்கு ஒரு டெக்னிக் இருக்குது. மாமாவுக்கு அது தெரியல" என்று பாபு சொல்லிக்கொண்டிருந்தான். செல்வராசு அதை மறுக்கவில்லை. "ஆமா மச்சான். அக்கா சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் கியர மாத்திப் போட்டுட்டன் போலருக்கு. நம்மளால எல்லாருக்கும் கெட்ட பேரு" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. முதலாளியைப் பார்க்காமல் சொன்னேன்.

"நீங்க எதையும் மாத்திப் போடலீங்க. நான் சொன்னதுதான் தப்பு. சைக்கிளுக்கு அது பொருந்தாது. திருப்பிப் போட்ட ரூட்ட நான் போயிப் பாக்கவும் இல்ல. பதினொண்ணும் பொய்தான். அந்தப் பக்கம் இருபத்தாறு மேம்பாலம்."

பாபு தன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். செல்வராசு கட்டுப் போடாத கையின் விரல்களை மடக்கிப் பார்த்தார். "இருபத்தாறா" என்றார். பிறகு, "அப்ப இன்னும் பதினஞ்சு பாக்கி இருக்குது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காந்திமதி சிரிக்கவில்லை. பழக்கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு என்னைக் கேட்டார். "அந்த எறக்கத்துல நீங்க சைக்கிள்ல போயிருக்கீங்களாக்கா?"

"இல்லம்மா. வேன்ல போயிருக்கேன்."

"வேன்ல போயிதான் சைக்கிளுக்கு வழி எழுதுவீங்களா?"

குரலை உயர்த்தவே இல்லை. இந்தக் கம்பெனியில் நான் எழுதின அத்தனை ரூட்டையும், மெத்தை வைத்த சீட்டில் உட்கார்ந்து, ஏசி போட்டுக்கொண்டு எழுதியிருந்தேன். எந்த வாடிக்கையாளரும், எந்த முதலாளியும் அதைக் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்த ஒரே ஆள் சைக்கிளே ஓட்டாத அந்த அம்மாதான்.

ஒரு மாதம் ஆபீஸ் சைக்கிளை எடுத்து மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். ஐம்பது வயதுக்கு மேல் அது சுலபமில்லை, டீக்கடைக்காரர் என்னையும் கேலி பண்ணினார். பிறகு தனியாக மலை ஏரிக்குப் போய் வலமாகச் சுற்றினேன். மெதுவான ஏத்தத்தில் ஆறு இடத்தில் நின்றேன். உச்சியில் அந்தக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். மழை இல்லை, ரோடு காய்ந்துதான் இருந்தது. பெடலில் கால் வைத்து முப்பது அடி போயிருப்பேன். கீழே மூன்றாவது வளைவின் இடிந்த சுவர் கண்ணில் பட்டது. ரெண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்தி, இறங்கி, சைக்கிளைக் கையால் பிடித்துக்கொண்டு ரெண்டு கிலோமீட்டரும் நடந்தேன். எதிரே மினி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஊருக்கு வந்ததும் தாளைத் திருத்தினேன். இடமாகச் சுற்றினால் இருபத்தாறு மேம்பாலம் என்று எழுதினேன். வலமாகச் சுற்ற விரும்புகிறவர்களுக்கு, உச்சிக்கு நேரே, ஒரு வரி சேர்த்தேன். முதலாளி அதை வருஷத்துக்கு ஒரு தடவை அழிக்கப் பார்ப்பார், இதைப் படித்தால் யாராவது வருவார்களா அக்கா என்று கெஞ்சுவார், நான் மறுபடி எழுதுவேன். இனி அந்தத் தாள் உங்கள் ஐந்து பேர் கையில். கம்ப்யூட்டரில் அழகாக்கிக்கொள்ளுங்கள், கலர் போடுங்கள், படம் போடுங்கள். ஆனால் அந்த வரியைத் தொடுவதற்கு முன்னால், உங்களில் ஒருவராவது அந்த உச்சியில் போய் சைக்கிளோடு நின்று கீழே பாருங்கள். அந்த வரி இதுதான்:

'இங்கே இறங்கித் தள்ளவும். எழுதியவள் தள்ளிக்கொண்டுதான் போனாள்.'